ரெக்கார்டில் நாற்பத்தோராம் பக்கம்

கத்தரியைக் கையில் எடுத்தபோதே செண்பகவல்லிக்குத் தெரிந்துவிட்டது, இன்றைக்குக் கை சொன்ன பேச்சைக் கேட்கும் என்று. பிராக்டிகல் பரீட்சைக்குச் சீட்டு எடுக்கும்போதுதான் உள்ளங்கை கொஞ்சம் வேர்த்தது. லேப் அட்டெண்டர் பிச்சையா அண்ணன் நீட்டிய பீக்கருக்குள் விரலை விட்டு, மடித்த காகிதத்தை எடுத்துப் பிரித்து, ‘கரப்பான், நரம்பு மண்டலம்’ என்று படித்ததும் அந்த வேர்வையும் நின்றுவிட்டது. வகுப்பில் இருக்கிற இருபத்துநாலு பேரில் இருபது பேராவது தனக்கு வந்துவிடக்கூடாது என்று வேண்டிக்கொண்டு வந்த சீட்டு அது. குடல் என்றால் திறந்த உடனே கண்ணுக்குத் தெரியும், சுருளை நீட்டி வைத்தால் வேலை முடிந்தது. நரம்பு அப்படி இல்லை. கொழுப்புக்கும் குடலுக்கும் அடியில் தரையோடு தரையாக ஒட்டிக்கிடக்கும், வெள்ளை நூல் மாதிரி இரண்டு இழை, இடைக்கிடை சின்னச் சின்ன முடிச்சு. அவசரத்தில் இடுக்கி முனை பட்டால் அறுந்துபோகும், அறுந்தால் அறுந்ததுதான். செண்பகவல்லிக்கு அந்தப் பயம் இல்லை. ஐந்தாம் வகுப்பிலிருந்து அப்பாவின் தையல் கடையில் உட்கார்ந்து தையல் பிரித்தவள் அவள். அளவு மாறிப்போன ஜாக்கெட்டைத் துணி கிழியாமல், ஊசித்துளை பெரிதாகாமல், கண்ணி கண்ணியாக பிளேடு முனையால் எடுத்துவிட வேண்டும், கொஞ்சம் இழுத்தால் பட்டு பல்லிளித்துவிடும். அந்தக் கைதான் இது. மெழுகுத் தட்டில் முதுகு மேலாகக் கிடந்த கரப்பானைப் பார்த்தாள். நல்ல பெரிய கரப்பான், பெண், அகன்ற வயிறு. றெக்கைகளை அடியோடு வெட்டி ஓரமாக வைத்தாள். காலுக்கு ஒரு குண்டூசியாக ஆறு குண்டூசி. சுவர்க் கடிகாரத்தில் பத்தேகால். ஒரு மணிக்குத்தான் மணியடிப்பார்கள். நேரம் தாராளமாக இருக்கிறது, எதற்கு வேண்டுமானாலும் நேரம் இருக்கிறது, வேண்டாததை நினைப்பதற்குக்கூட இருக்கிறது, அதுதான் சிக்கல்.

வேண்டாதது என்றால் நாற்பத்தோராம் பக்கம், கூந்தன்குளத்துப் பறவைகளைப் பற்றிய ஃபீல்ட் ட்ரிப் பக்கம். லேப்பின் முன்மேஜையில் இருபத்துநாலு ரெக்கார்டும் பிரவுன் அட்டை போட்டு அடுக்கியிருக்கிறது, மேலிருந்து மூன்றாவது அவளுடையது, அட்டை மடிப்பைப் பார்த்தே சொல்லிவிடுவாள். எக்ஸ்டர்னலாக, வேறு காலேஜிலிருந்து மார்க் போட வந்திருக்கிற சரோஜினி மேடம் நாகர்கோவில் பக்கத்துக்காரர், கடுகு நிறக் காட்டன் சேலை, கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறார். உட்கார நாற்காலி போட்டும் உட்காரவில்லை. நின்றபடியே ரெக்கார்டுகளைப் புரட்டுகிறார். மற்ற எக்ஸ்டர்னல்கள் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். இவர் படிக்கிறார். போன வருஷம் எழுதிய சீனியர் அக்கா ஒருத்தி பஸ்ஸில் சொன்னாள், “அந்த மேடத்துக்கிட்ட புஸ்தகத்துல இருந்து என்ன சொன்னாலும் தலையாட்டுவாவ. ஃபீல்ட் ட்ரிப் பக்கத்தைத் திருப்பி, நீ என்ன பாத்தன்னு ஒத்தக் கேள்வி கேப்பாவ பாரு, அதுலதான் எல்லாரும் மாட்டுவாளுக.” அதைக் கேட்ட நிமிஷத்திலிருந்து அந்த ஒற்றைக் கேள்வி செண்பகவல்லியின் காதுக்குள்ளேயே குடியிருக்கிறது. நீ என்ன பார்த்த? கேட்டால் என்ன சொல்வது? கேட்கமாட்டார்கள். இருபத்துநாலு பேர், மூன்று மணி நேரம், ஆளுக்கு எட்டு நிமிஷம்கூட வராது, அதற்குள் நரம்பைப் பார்த்து முடிச்சு எத்தனை என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். கேட்டால்? டவரில் ஏறி நின்று பார்த்தேன், கூழைக்கடா நாற்பத்துமூன்று, மஞ்சள்மூக்கு நாரை நூற்றுப்பன்னிரண்டு. ரெக்கார்டில் இருக்கிறதைச் சொல்லவேண்டியதுதானே, பயமென்ன. கரப்பானின் முதுகு ஓடுகளை இரண்டு ஓரத்திலும் கத்தரி முனையால் நறுக்கிக்கொண்டே வந்து, பின்னாலிருந்து ஒவ்வொன்றாகத் தூக்கினாள். ஓடு ஓடாக வந்தது. உள்ளே வெள்ளைக் கொழுப்பு, அவித்த முட்டையை உதிர்த்துப் போட்ட மாதிரி. தட்டில் தண்ணீர் ஊற்றினாள். கொழுப்பு மிதந்து எழும்பியது. பிரஷ்ஷால் அதை ஒதுக்க ஒதுக்க, கூழைக்கடா நாற்பத்துமூன்று, நாரை நூற்றுப்பன்னிரண்டு, அவளே எண்ணியது போல அல்லவா மனதில் நிற்கிறது.

எண்ணியது கோமதிநாயகி. முன்பெஞ்சில் இருப்பவள், அவளிடம் நோட்டை வாங்கித்தான் செண்பகவல்லி எழுதினாள். பிப்ரவரி மாதம் ஒரு சனிக்கிழமை, காலேஜ் பஸ் பாளையங்கோட்டையிலிருந்து ஆறரைக்குக் கிளம்பி எட்டு மணிக்குக் கூந்தன்குளத்துக்குள் நுழைந்தது. ஊர் முகப்பில் சுண்ணாம்பு அடித்த திட்டு, தெரு, ஓட்டு வீடுகள், வீட்டுக் கொல்லையிலும் தெரு மரத்திலும் பறவைக் கூடு. பெண்கள் எல்லாரும் ஜன்னல் பக்கம் சாய்ந்து கூச்சல் போட்டார்கள். துரைப்பாண்டி சார் தொப்பியை மாட்டிக்கொண்டு, “சத்தம் போடாதீங்க, குளத்துக்குப் போவோம், அங்க டவர் இருக்கு, நோட்டும் பென்சிலும் எல்லார் கையிலயும் இருக்கணும்” என்று சொல்லி இறங்கினார். செண்பகவல்லியும் இறங்கப்போனாள், படியில் ஒரு கால், தரையில் ஒரு கால். அப்போதுதான் அற்புதமேரி கூட வரவில்லை என்பதைக் கவனித்தாள். முதல் வருஷத்திலிருந்து ஒரே மேஜை, ஒரே மைக்ராஸ்கோப், ஒரே டிபன் பாக்ஸ். கடைசி சீட்டில் இருந்தாள் அற்புதம். “வாட்டி” என்றாள் இவள். அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கை மட்டும் மடியில் தனியாகத் துடித்துக்கொண்டிருந்தது, அது அவளுடைய கையே இல்லை என்பது போல. அப்புறம் உடம்பு முழுக்க. அந்த மூன்று நிமிஷத்தை நினைக்கும்போதெல்லாம் செண்பகவல்லிக்கு டீசல் வாசனை வந்துவிடும், இப்போதும் வந்தது, ஃபார்மலின் வாசனையையும் தாண்டி. அற்புதத்தின் தலை ஜன்னல் கம்பியில் இடிக்காமல் இருக்கக் கையைக் கொடுத்தாள், அந்தக் கையில் கம்பியின் தடம் ரெண்டு நாள் இருந்தது. டிரைவர் டீக்கடைக்குப் போயிருந்தார். கத்தலாமா என்று வாயைத் திறந்தாள், கத்தவில்லை, ஏன் கத்தவில்லை என்று இன்றுவரை தெரியாது. துடிப்பு நின்றது. பாவாடை நனைந்திருந்தது. தன்னுடைய தாவணியை அவிழ்த்துச் சுற்றிவிட்டு, புத்தகப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இவள் உட்கார்ந்திருந்தாள். அற்புதம் மெதுவாகக் கண்ணைத் திறந்து இவள் யார் என்று தேடினாள், கண்டுபிடித்தாள். “சொல்லிருவியாட்டி?” என்றாள். முதல் வார்த்தையே அதுதான், தண்ணி கூடக் கேட்கவில்லை. “காலைல அவசரத்துல மாத்திரை போட மறந்துட்டேன். வீட்டுல தெரியும். காலேஜுல தெரிஞ்சா அடுத்த வருசம் மண்டபம் ட்ரிப்புக்கு என்னை விடமாட்டாவ. மூணு நாள் கடல்ட்டி. எனக்குக் கடலட்டையை உசுரோட பாக்கணும். சத்தியம் பண்ணு.” செண்பகவல்லி சத்தியம் பண்ணினாள். அப்புறம் அற்புதம் இவள் மடியில் தலையை வைத்துத் தூங்கிப்போனாள், அடித்துப்போட்ட தூக்கம். நடுவில் துரைப்பாண்டி சார் படியில் ஏறி எட்டிப்பார்த்தார். “தலைவலி சார், நான் கூட இருக்கேன், குறைஞ்சதும் வாரோம்” என்றாள் இவள். சார் தலையை ஆட்டிவிட்டுப் போனார், அத்தனை பிள்ளைகளைக் குளக்கரையில் விட்டுவிட்டு வந்தவர்.

சத்தியம் பண்ணியது தப்பில்லை, அதில் சந்தேகமே இல்லை. இன்னொரு தடவை அப்படி நடந்தாலும் அதையேதான் செய்வாள். கரப்பானின் குடலைத் தூக்கித் தொண்டைப் பக்கமாக அறுக்காமல் ஒதுக்கினாள், தொண்டைக்குழாயை அறுத்துவிட்டால் அதைச் சுற்றியிருக்கிற வளையம் போய்விடும், மூளையையும் மார்பு நரம்பையும் இணைக்கிற வளையம், அதுதான் இந்த வேலையிலேயே நுணுக்கமான இடம். மார்பில் முதல் முடிச்சு தெரிந்தது. வெள்ளையாக, கடுகில் பாதி. மனசு ஒரு துள்ளு துள்ளியது, எத்தனை தடவை பார்த்தாலும் இந்தத் துள்ளல் மட்டும் பழகவே பழகாது. தப்பு எங்கே தொடங்கியது என்றால், திங்கட்கிழமை ரிப்போர்ட் எழுதிக் கொடுங்கள் என்றார் சார். எழுதாவிட்டால் ஏன் என்பார். ஏன் என்றால் என்ன சொல்ல? எழுதினாள். எழுதினதும் சும்மா எழுதவில்லை, அங்கேதான் அவள் குணம் அவளைக் கவிழ்த்துவிட்டது. பாதி வேலை அவளுக்கு வராது. கோமதிநாயகியின் நோட்டிலிருந்து எண்ணிக்கையை எடுத்தாள், குளத்தின் வரைபடம் போட்டாள், டவரை நாலு அடுக்காக வரைந்தாள், நாரையின் அலகுக்கு மஞ்சளில் கொஞ்சம் ஆரஞ்சு கலந்து வர்ணம் தீட்டினாள். அந்த வாரம் துரைப்பாண்டி சார் ரெக்கார்டை வகுப்பில் தூக்கிப்பிடித்து, “ஃபீல்ட் ரிப்போர்ட்னா இப்படி இருக்கணும். அங்க போய்க் கண்ணைத் தொறந்து பாத்தவளுக்குத்தான் இப்படி வரும்” என்றார். வகுப்பே திரும்பிப் பார்த்தது. அற்புதம் மட்டும் பார்க்கவில்லை, பெஞ்சில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய ரெக்கார்டிலும் அதே நாற்பத்துமூன்று கூழைக்கடா இருந்தது, இவளைப் பார்த்து எழுதியது. கண்ணைத் திறந்து பார்த்தவள். ரெண்டு மாசமாக அந்த வார்த்தை செருப்புக்குள் மணல் மாதிரி. எழுந்து சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் இறங்கவில்லை என்பார். ஏன் என்றால் அற்புதம். எந்தப் பக்கம் போனாலும் கடைசியில் அற்புதத்தில் வந்து முட்டுகிறது. இரண்டாவது முடிச்சு, மூன்றாவது முடிச்சு. வயிற்றுக்குள் போனதும் முடிச்சுகள் இன்னும் சின்னதாகும். கறுப்புக் காகிதத்தை மெல்லிய கீற்றாக வெட்டி நரம்புக்கு அடியில் நுழைத்தாள், கறுப்பின்மேல் வெள்ளை இழை இரண்டும் பளிச்சென்று எழுந்தன. அழகு. கரப்பானை அழகு என்று வீட்டில் சொன்னால் அம்மா சாமி அறைக்குப் போய் விபூதி எடுத்துவருவாள்.

அப்போது வலதுபக்கத்து மேஜையில் தடால் என்று ஒரு சத்தம். அற்புதத்தின் மேஜை. செண்பகவல்லியின் கை துள்ளியது, இடுக்கி முனை நரம்புக்கு மேலாகச் சரிந்தது. ஐயோ அங்கே திரும்பவும், இன்றைக்கா, மாத்திரை போட்டாளா, காலையில் கேட்டேனா, கேட்டேன், போட்டேன் என்றாளே, விழுந்தால் அந்த மேஜையின் இரும்பு முனை, ஓடிப் பிடிக்க இரண்டு எட்டு, ஸ்டூலை உதைத்துவிட்டுத்தான் போகணும். கழுத்து திரும்புவதற்குள் இத்தனையும் ஓடிவிட்டது. திரும்பினாள். அற்புதம் குனிந்து தரையில் விழுந்த டிசெக்ஷன் பெட்டியைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து இவளைப் பார்த்து, உதட்டை மட்டும் அசைத்து, “பெட்டிட்டி” என்றாள். இவளுடைய முகத்தில் என்ன இருந்ததோ, அவளுக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. செண்பகவல்லி தட்டுக்குத் திரும்பினாள். லென்ஸைத் தூக்கிப் பார்க்கத் தைரியம் வரக் கொஞ்ச நேரம் பிடித்தது. நாலாவது முடிச்சிலிருந்து பக்கவாட்டில் போகிற கிளை நரம்பு ஒன்று அறுந்திருந்தது. ஒரே ஒரு கிளை. நடு இழைகள் இரண்டும் அப்படியே இருந்தன. மூச்சை விட்டாள். சரி, இதுதானா, இவ்வளவுதான் முடியும் உன்னால் என்று அந்தப் பயத்திடம் சொல்லவேண்டும் போல இருந்தது. இனி தலை. கண்களுக்கு நடுவே ஓட்டைச் சீவி எடுக்க வேண்டும், பென்சில் தோல் கனத்துக்கு. சீவினாள். கை கல் மாதிரி நின்றது. ரெண்டு வருஷமாக ஒரு லேப்கூட விடாதவள், காய்ச்சலோடு வந்து தவளையின் இதயம் பார்த்தவள், தூத்துக்குடி மீன்துறைமுகத்தில் மழையில் நின்று முப்பத்தோரு மீனுக்குப் பெயர் எழுதியவள், களக்காட்டு ஓடையில் வழுக்கி விழுந்தும் தலைப்பிரட்டை பிடித்த பாட்டிலை உடையாமல் தூக்கிப் பிடித்தவள். அத்தனைக்கும் ஈடுகொடுத்து வந்தவளை ஒரு பக்கம், ஒரே ஒரு பக்கம் இப்படிப் போட்டு ஆட்டுகிறதே என்று கோபம்கூட வந்தது. தொண்டைக்குழாயைச் சுற்றி வளையம் முழுசாக, ஒரு இடமும் அறாமல் வெளியே வந்தது. அதற்குக் கீழும் கறுப்புக் காகிதம் வைத்தாள். பன்னிரண்டு இருபது. குண்டூசியில் குத்திய சின்னச் சின்னக் காகிதக் கொடிகளை நட்டுப் பெயர் எழுதினாள். நிமிர்ந்தபோது கடுகு நிறச் சேலை எதிரில் நின்றது, பக்கத்தில் துரைப்பாண்டி சார், மேடத்தின் கையில் பிரவுன் அட்டை ரெக்கார்டு. அவளுடையது.

மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். குனிந்தவர் கொஞ்ச நேரம் எழவில்லை. “வளையம் அறாம வந்திருக்கே” என்றார், சாரிடம் சொன்னாரா கரப்பானிடம் சொன்னாரா தெரியவில்லை. அப்புறம் இவளிடம், “முடிச்சு எத்தனை?”

“மார்புல மூணு, வயித்துல ஆறு மேடம். கடைசி முடிச்சு பெருசு.”

“ஏன் பெருசு?”

“அது தனி முடிச்சு இல்ல மேடம். ரெண்டு மூணு சேந்து ஒண்ணானது. வால்பக்கம் ரெண்டு கொம்பு இருக்குல்ல, அதுல இருந்து வர்ற நரம்பு அங்கதான் சேருது. பின்னால காத்து அசைஞ்சாப் போதும், சேதி அங்கன இருந்து நேரா காலுக்குப் போயிரும். மூளை என்னன்னு கேக்குறதுக்கு முன்னால கரப்பான் ஓடிரும்.”

துரைப்பாண்டி சாரின் மீசைக்கடியில் ஒரு பெருமை. “எங்க கிளாஸ் ஃபர்ஸ்ட் மேடம்” என்றார். மேடம் தலையசைத்துவிட்டு ரெக்கார்டைத் திறந்தார். எந்தப் பக்கம் திறக்கும் என்று செண்பகவல்லிக்குத் தெரியும். வர்ணம் காய்ந்து விறைத்த பக்கம், அது தானாகத் திறக்கும்.

“கூந்தன்குளம் போனியா?”

“போனேன் மேடம்.”

“கூழைக்கடா நாப்பத்திமூணு. எங்க நின்னு எண்ணுன?”

டவரில். ஒரே வார்த்தை. நாலு அடுக்கு டவர், தானே வரைந்தது, மூன்றாவது அடுக்கில் நின்று என்று சேர்த்துச் சொன்னால் இன்னும் நம்பும்படி இருக்கும். வாய் திறந்தேதான் இருந்தது. வார்த்தை நாக்கின் நுனிவரை வந்து நின்றது. ரெண்டு மாசமாக இந்த இடத்துக்கு வந்து வந்து திரும்பிப் போயிருக்கிறாள், ஒவ்வொரு தடவையும் சொன்னால் அற்புதம் என்று பயந்து திரும்பினாள். இப்போது மேடம் கண்ணாடிக்கு மேலாக அவளையே பார்த்துக்கொண்டு நிற்கையில், அந்த ஒரு விநாடியில், செண்பகவல்லிக்கு ஒன்று விளங்கிப்போனது, இவ்வளவு எளிதானது இத்தனை நாள் எப்படி விளங்காமல் போனது என்று ஆச்சரியமாகக்கூட இருந்தது. சத்தியம் பண்ணியது அற்புதத்துக்கு வந்ததைச் சொல்லமாட்டேன் என்று. நான் பார்க்காததைப் பார்த்தேன் என்று எழுதியது வேறு. அது அற்புதம் கேட்டதே இல்லை. அது முழுக்க என்னுடையது. இரண்டையும் ஒன்றாகக் கட்டிவைத்துக்கொண்டு, அவளுக்காகத்தான், அவளுக்காகத்தான் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

“எண்ணலை மேடம்” என்றாள். “நான் பஸ்ஸை விட்டு இறங்கவே இல்ல. அந்தப் பக்கம் வேற ஒருத்தர் நோட்டைப் பாத்து எழுதுனது.”

துரைப்பாண்டி சாரின் முகம் இறுகியது. “என்னம்மா சொல்லுத?” என்றார். பிறகு எதையோ நினைவுபடுத்திக்கொண்டவராக, “அன்னைக்குக் கூட இருந்த பிள்ளைக்குத் தலைவலின்னுல்லா…” என்று வலதுபக்கத்து மேஜையின் பக்கம் திரும்பப்போனார்.

“நான்தான் சார் இறங்கலை” என்றாள் செண்பகவல்லி. நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. “மேடம், ஏன்னு மட்டும் கேக்காதீங்க. சொல்லமாட்டேன். மார்க்கைக் குறைச்சுக்கோங்க.” பக்கத்து மேஜையில் கத்தரிச் சத்தம் நின்றுபோனது. இவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. நெஞ்சு ஆடவில்லை, அது அவளுக்கே புதிதாக இருந்தது.

மேடம் ரெக்கார்டின்மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டார். “சரி, கேக்கலை” என்றார். “பஸ் எங்க நின்னுச்சு?”

“ஊருக்குள்ள மேடம். தெருவுல, ஒரு புளியமரத்தடியில.”

“மூணு மணி நேரம் பஸ்ஸுக்குள்ளயே இருந்திருக்க. ஜன்னலை அடைச்சிட்டா?”

“இல்ல மேடம், தொறந்துதான் இருந்தது.”

“என்ன தெரிஞ்சுது?”

ஒன்றும் தெரியவில்லை என்று சொல்ல வந்தாள். மரம்தான் தெரிந்தது. மரத்தில் கிளை, கிளையில் கூடு. “ஒரு கூடு இருந்துச்சு மேடம்” என்று ஆரம்பித்தாள், ஆரம்பித்ததும் அது வந்துகொண்டே இருந்தது, எங்கே இருந்து வருகிறது என்று அவளுக்கே தெரியவில்லை, அந்த மூன்று மணி நேரத்தில் பயத்தைத் தவிர வேறொன்றும் தனக்குள் போகவில்லை என்றல்லவா நினைத்திருந்தாள். ஓட்டு வீட்டுக்கு மேலாக நீண்ட கிளையில் மஞ்சள்மூக்கு நாரையின் கூடு, பஸ் ஜன்னலிலிருந்து பதினைந்தடி இருக்கும். மூன்று குஞ்சு. பெரிய நாரை கூட்டின் விளிம்பில் றெக்கையைப் பாதி விரித்துக்கொண்டு நின்றது. முதலில் றெக்கையை உலர்த்துகிறது என்று நினைத்தாள். “அப்புறம் பாத்தா மேடம், வெயில் நகர நகர அதுவும் கொஞ்சங் கொஞ்சமாத் திரும்பிக்கிட்டே இருந்துச்சு. முதுகு எப்பவும் வெயில் பக்கம். குஞ்சு மூணும் அந்த நெழல்ல படுத்திருந்துச்சு. நெழலை விட்டு ஒண்ணு வெளிய வந்தா, அலகால தள்ளி உள்ள விட்டுச்சு. தாயும் வாயைத் தொறந்துதான் மூச்சு விட்டுது, அதுக்கும் வெயில்தானே.” பிறகு இன்னொரு நாரை வந்தது, கூட்டுக்குள் மீனைக் கக்கியது, குஞ்சுகள் முண்டியடித்தன, ஒரு மீன் ஓட்டில் விழுந்து உருண்டு தெருவில் விழுந்தது. வீட்டுக்காரம்மா வந்து மேலே நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அதை வாரியலால் கூட்டித் தள்ளிவிட்டுப் போனாள். வந்த நாரை விளிம்பில் நின்றுகொண்டது, முதலில் நின்றது பறந்தது.

“முதல்ல நின்னது எவ்வளவு நேரம் நின்னிருக்கும்?”

“ஒரு மணி நாப்பது நிமிசம் மேடம். எட்டு இருபதுல இருந்து பத்துமட்டும்.”

“அவ்வளவு துல்லியமாவா?”

“நான் வாட்சைப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். அற்…” சட்டென்று நிறுத்தினாள். “நேரம் போகணுமேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன் மேடம்.”

மேடம் அந்தத் தடுக்கலைக் கேட்டாரா இல்லையா, முகத்தில் ஒன்றும் இல்லை. “இதை ஏன் எழுதலை?” என்றார்.

“இது ட்ரிப்புல சேராதுன்னு நெனச்சேன்.”

மேடம் சிவப்பு மைப் பேனாவைத் திறந்து நாற்பத்தோராம் பக்கத்தின் குறுக்கே, டவருக்கும் ஆரஞ்சு அலகுக்கும் மேலாக, ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குக் கோடு இழுத்தார். கோடு போகிற சத்தம் கேட்டது. வலித்தது, நன்றாக வரைந்த படம். ஆனால் பல் பிடுங்கிய பிறகு நாக்கு அந்தக் குழியைத் தொட்டுப் பார்க்குமே, அந்த மாதிரி ஒரு வலி, முடிந்துபோனதின் வலி. “ஃபீல்ட் ரிப்போர்ட்டுக்கு அஞ்சு மார்க். அது கிடையாது” என்றார் மேடம். “டிசெக்ஷனுக்கு என்ன போட்டிருக்கேன்னு கேக்காத. பின்பக்கம் காலியா இருக்கு. ஒரு மணிக்கு இன்னும் நேரம் இருக்கு. பாத்ததை எழுது. பாத்ததை மட்டும்.” ரெக்கார்டை மேஜையில் வைத்துவிட்டு அடுத்த மேஜைக்கு நகர்ந்தார். துரைப்பாண்டி சார் ஒரு நொடி நின்று இவளைப் பார்த்தார், திட்டப்போகிறார் என்று நினைத்தாள். “கிளை ஒண்ணு அறுந்திருக்கு பாரு, அந்தக் கொடியைத் தள்ளி நடு” என்று மட்டும் சொல்லிவிட்டு மேடத்தின் பின்னால் போனார். செண்பகவல்லி கையைக் கழுவித் துடைத்துவிட்டு எழுதினாள். கோமதிநாயகியின் வாக்கியங்களைத் திருப்பித் திருப்பி மாற்றி எழுத அன்றைக்கு ஒரு சாயங்காலம் பிடித்தது. இது யோசிக்காமல் ஓடியது, எழுத்து கோணலாக, அடித்தல் திருத்தலோடு. அவள் ரெக்கார்டிலேயே அசிங்கமான பக்கம் அதுவாகத்தான் இருக்கும், அதைப் பற்றிக் கவலை வரவில்லை. படம் போட நேரமில்லை. மணியடித்துவிட்டது.

வராந்தாவில் வெயில் கண்ணைக் குத்தியது. பிள்ளைகள் யாருக்கு எந்தச் சீட்டு, யாருக்குக் குடல் கிழிந்தது என்று கத்திக்கொண்டு படியிறங்கினார்கள். மேடத்தைச் சாப்பிட அழைத்துக்கொண்டு எச்.ஓ.டி. போனார். அற்புதமேரி தூணில் சாய்ந்து நின்றாள். செண்பகவல்லி பக்கத்தில் போய் நின்றாள். 

“அஞ்சு மார்க் போச்சே ஒனக்கு” என்றாள் அற்புதம்.

“போகட்டும். குடல் நல்லா வந்துச்சா?”

“வந்துச்சு. என்கிட்ட கூந்தன்குளத்தைக் கேக்கவே இல்ல அந்த மேடம். ரெக்கார்டைத் தொறந்தாவ, என் மூஞ்சைப் பாத்தாவ, மூடிட்டாவ.” தாவணி நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். “நீ கூடு பாத்துக்கிட்டு இருந்தேன்னு என்கிட்டகூடச் சொல்லலியேட்டி.”

“எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்.”

அற்புதம் சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, “மண்டபத்துக்கு நான் வருவேன்” என்றாள். “ஆனா அங்க போயி தண்ணிக்குள்ள நிக்கும்போது வந்துச்சுன்னா நீ ஒருத்தி என்ன செய்வ? இன்னைக்குப் பெட்டி விழுந்ததுக்கே ஒன் மூஞ்சி செத்துப்போச்சு. ரெண்டு மாசமா நீ என்னைப் பாத்துக்கிட்டே இருக்க, எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? சார் தெரிஞ்சே கூட்டிட்டுப் போகட்டும். இல்ல, விடமாட்டேன்னு என் மூஞ்சைப் பாத்துச் சொல்லட்டும், நான் எங்கப்பாவைக் கூட்டிட்டு வந்து சண்டை போடுதேன்.”

“இப்பவேயா? நானும் வாரேன்.”

“வேண்டாம். சார் உள்ள தனியாத்தான் இருக்காவ. நீ இங்கனயே நில்லு.”

பையை இவள் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். லேப்பின் அரைக்கதவு ஆடி நின்றது. செண்பகவல்லிக்குக் கால் தானாக அந்தப் பக்கம் நகர்ந்தது, பிடித்து நிறுத்தினாள். கதவுக்குப் பின்னால் அற்புதத்தின் குரல், வார்த்தை கேட்கவில்லை, முதலில் வேகமாக, அப்புறம் நிதானமாக. நடுவில் சார் ஏதோ கேட்டார்.  பிறகு சிமெண்டுத் தரையில் ஸ்டூலை இழுத்துப் போடுகிற சத்தமும், “உக்காந்து சொல்லும்மா” என்ற சாரின் குரலும் தெளிவாகக் கேட்டன.